டேப்பில் கிடந்த மின்னஞ்சல்கள்: ஜுபுலேக் வழக்கு காட்டும் தகவல் மேலாண்மைப் பிழைகள்

நியூயார்க்கில் நடந்த ஒரு வேலைநீக்க வழக்கில், 2002-ல், எதிர்த்தரப்பு வங்கி சுமார் 350 பக்க ஆவணங்களை ஒப்படைத்தது. அவற்றில் மின்னஞ்சல்கள் ஏறக்குறைய 100 பக்கம். வழக்குத் தொடுத்தவரோ தன்னிடமிருந்தே சுமார் 450 பக்க மின்னஞ்சல்களை எடுத்துக் கொடுத்தார். ஒரே அலுவலகத்தின் அஞ்சல்கள்தான் இவை. ஓர் ஊழியர் சேர்த்துவைத்திருந்த அளவுகூட, பெரிய தகவல் தொழில்நுட்பப் பிரிவும் எழுதிவைத்த விதிகளும் கொண்ட வங்கியால் தேடித் தர முடியவில்லை.

ஜுபுலேக் எதிர் யு.பி.எஸ். வார்பர்க் என்ற அந்த வழக்கைச் சட்டக் கல்லூரிகள் சட்டத்துக்காகப் படிக்கின்றன. நிர்வாகத்தில் இருப்பவர்கள் அதைப் படிக்க வேறு காரணம் உண்டு. ஒரு நிறுவனத்தின் மின்னணுத் தகவல் எங்கே, எத்தனை பிரதிகளாக, யார் கையில், எவ்வளவு காலம் இருந்தது, அதை வெளியே எடுக்க எத்தனை டாலர் ஆனது என்பது பொதுவாக எந்த நிறுவனமும் வெளியே சொல்லாத விஷயம். இங்கே அது நீதிமன்றத் தீர்ப்புகளில் சென்ட் கணக்கு வரை பதிவாகியிருக்கிறது.

வழக்கின் சுருக்கம்

லாரா ஜுபுலேக் அந்த வங்கியின் நியூயார்க் அலுவலகத்தில், ஆசியப் பங்குகளை விற்கும் பிரிவில் மூத்த விற்பனையாளர். 1999-ல் சேர்ந்தார். மேலாளர் பதவி காலியானபோது அது வேறொருவருக்குப் போனது. பாலினப் பாகுபாடு காட்டப்பட்டதாக 2001 ஆகஸ்ட் 16 அன்று சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுத்தார். அக்டோபரில் வேலையை விட்டு அனுப்பப்பட்டார். 2002 பிப்ரவரியில் நியூயார்க் தென்மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு. நீதிபதி ஷிரா ஷைன்ட்லின். 2003 மே முதல் 2004 ஜூலை வரை, மின்னஞ்சல்களைத் தேடித் தருவது குறித்து மட்டும் அவர் பிறப்பித்த ஆணைகள்தான் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. பாகுபாடு நடந்ததா என்ற கேள்வியை ஜூரி 2005 ஏப்ரலில்தான் தீர்த்தது.

மின்னஞ்சல் எங்கெல்லாம் இருந்தது

வங்கியில் மின்னஞ்சலைச் சேமிக்க மூன்று இடங்கள் இருந்தன.

ஒன்று, ஊழியரின் அஞ்சல் பெட்டி. அதில் எதை வைப்பது, எதை அழிப்பது என்பது முழுக்க ஊழியர் விருப்பம்.

இரண்டு, ஆப்டிகல் டிஸ்க் காப்பகம். பங்கு வர்த்தக நிறுவனங்கள் தங்கள் கடிதப் போக்குவரத்தை மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும், முதல் இரண்டாண்டுகள் எளிதில் எடுக்கும்படி வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் 17ஏ-4 விதி. அதற்காக, பதிவுபெற்ற வர்த்தகர்கள் வெளியாருக்கு அனுப்பிய, வெளியாரிடமிருந்து பெற்ற அஞ்சல்கள் தானாகவே டிஸ்கில் ஒரு பிரதியாக எழுதப்பட்டன. இவற்றை அழிக்க முடியாது, தேட முடியும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அலுவலகத்துக்குள்ளேயே ஒருவருக்கொருவர் அனுப்பும் அஞ்சல் இதில் சேராது. ஒருவரை வேலையை விட்டு அனுப்புவது பற்றி மேலாளரும் மனிதவளத் துறையும் பேசிக்கொள்வது எப்போதும் உள் அஞ்சலில்தான். காப்பகம் கட்டுப்பாட்டாளருக்காகக் கட்டப்பட்டதே தவிர, நிறுவனத்தின் முடிவுகளைப் பதிவு செய்யக் கட்டப்படவில்லை. இந்த ஓட்டை இன்றும் பல நிறுவனங்களில் அப்படியே இருக்கிறது.

மூன்று, பேக்கப் டேப்புகள். சர்வர் எரிந்துபோனாலோ ஹார்டு டிஸ்க் பழுதானாலோ வேலையைத் தொடர்வதற்காக எடுக்கப்படும் நகல். நாள்தோறும் ஒரு டேப், வெள்ளிதோறும் ஒன்று, மாதத்தின் கடைசி வேலைநாளில் ஒன்று. நாள் டேப்பின் ஆயுள் 20 வேலைநாள், வார டேப்புக்கு ஓராண்டு, மாத டேப்புக்கு மூன்றாண்டு. காலம் முடிந்த டேப்பின் மேலேயே புதியதை எழுதுவார்கள்.

இந்தச் சுழற்சியை ஓர் அஞ்சலை வைத்துப் பார்த்தால்தான் அதன் விளைவு புரியும். செவ்வாய் காலை வந்த அஞ்சலைப் படித்தவர் அன்று மாலைக்குள் அழித்துவிட்டால், அது எந்த டேப்பிலும் ஏறாது. அன்றிரவு நகலெடுக்கும்போது அது பெட்டியிலேயே இல்லை. புதன் அன்று அழித்தால் செவ்வாய் டேப்பில் மட்டும் இருக்கும். 20 வேலைநாளில் அந்த டேப்பும் மறுசுழற்சிக்குப் போகும். வெள்ளி இரவைத் தாண்டினால் ஓராண்டு. மாதக் கடைசி வரை பெட்டியில் கிடந்தால் மூன்றாண்டு. ஆக, ஓர் அஞ்சலின் ஆயுளை முடிவு செய்தது அதன் முக்கியத்துவமல்ல. பெற்றவர் எந்தக் கிழமையில் தன் பெட்டியைச் சுத்தம் செய்தார் என்பதே. உணர்ந்தோ உணராமலோ, பெட்டியில் வைக்க விரும்பாத அஞ்சலை ஒருவர் வந்த அன்றே அழித்துவிடுவார். மதிய உணவுப் பட்டியல் மூன்றாண்டு உயிர்வாழும்.

ஐந்து டேப்புகளின் விலை

வங்கி தன் ஊழியர்களின் பெட்டிகளில் தேடியது; டேப்புகளைத் தொடவில்லை. தொட்டால் சுமார் 3 லட்சம் டாலர் ஆகும் என்றது. பின்பு அந்த மதிப்பீடு 1,75,000 டாலருக்கு இறங்கியது, அதுவும் வழக்கறிஞர்கள் படித்துப் பார்க்கும் செலவைச் சேர்க்காமல்.

ஏன் இத்தனை செலவு? டேப்பில் இருப்பது ஒரு சர்வரின் ஹார்டு டிஸ்க் முழுவதன் ஒரு நாள் நகல். ஒருவரின் அஞ்சல் மட்டும் வேண்டுமென்றாலும், அந்த மாதத்தின் சர்வர் முழுவதையும் ஒரு ஹார்டு டிஸ்கில் திரும்ப ஏற்ற வேண்டும். அதிலிருந்து குறிப்பிட்ட நபரின் அஞ்சல் கோப்பைப் பிரித்தெடுக்கத் தனி மென்பொருள் வேண்டும். பிரித்ததை அவுட்லுக்கில் திறக்கக்கூடிய கோப்பாக மாற்ற வேண்டும். அதற்குப் பிறகே தேட முடியும். வங்கியின் சொந்த வசதிகளைக் கொண்டு செய்தால் ஒரு டேப்புக்கு ஏறக்குறைய ஐந்து நாள். அடுத்த மாதத்துக்கு மறுபடி முதலிலிருந்து. மாதக் கடைசி நகல்களாகையால் ஒரே அஞ்சல் ஜனவரி டேப்பிலும் பிப்ரவரி டேப்பிலும் மார்ச் டேப்பிலும் வந்துகொண்டேயிருக்கும்.

நீதிபதி இங்கே செய்தது, எந்தத் திட்ட மேலாளரும் செய்ய வேண்டியது. மதிப்பீடுகளை வைத்து வாதாட விடாமல், ஜுபுலேக் தேர்ந்தெடுக்கும் ஐந்து டேப்புகளை மட்டும் வங்கியின் செலவில் மீட்டுப் பார்க்கச் சொன்னார். கிடைத்த கணக்கு இது:

மீட்டுத் தேட ஆன செலவு 11,524.63 டாலர், வழக்கறிஞர்களும் உதவியாளர்களும் படித்த செலவையும் சேர்த்து 19,003.43 டாலர். தேடு சொற்களுக்கு அகப்பட்ட அஞ்சல்கள் 1,541. இரட்டைப் பிரதிகளை நீக்கியபின் 1,075. அவற்றில் வழக்கோடு தொடர்புடையவை என்று வங்கியே ஏற்றுக்கொண்டவை சுமார் 600.

தொடர்புடைய ஓர் அஞ்சலுக்கு ஏறக்குறைய 32 டாலர். மீதமிருந்த 72 டேப்புகளுக்கு அதே விகிதத்தில் 2,73,649.39 டாலர் ஆகும் என்று கணக்கிட்டார்கள்: மீட்கவும் தேடவும் 1,65,954.67, படித்துப் பார்க்க 1,07,694.72. 2003 ஜூலை ஆணைப்படி மீட்கவும் தேடவும் ஆகும் தொகையில் கால் பங்கு ஜுபுலேக்கின் தலையில், முக்கால் பங்கு வங்கியின் தலையில். படித்துப் பார்க்கும் செலவு முழுவதும் வங்கியுடையது.

இந்தப் பங்கீட்டுக்கு அடிப்படையாக நீதிபதி மின்னணுத் தகவலை ஐந்து அடுக்காகப் பிரித்திருந்தார்: சர்வரில் உடனே கிடைப்பது, இயந்திரக் கை எடுத்துப் போடும் டிஸ்கில் சில நொடிகளில் கிடைப்பது, அலமாரியில் ஒழுங்குபடுத்தி வைத்த காப்பகம், பேக்கப் டேப், அழிந்தோ சிதைந்தோ போனது. முதல் மூன்றும் எளிதில் கிடைப்பவை, அவற்றைத் தேடித் தரும் செலவு வைத்திருப்பவருடையதே. கடைசி இரண்டுக்கு மட்டுமே செலவைப் பங்கிடும் பேச்சு எழும். அப்படி எழுந்தால் ஏழு காரணிகளைப் பார்க்க வேண்டும். கோரிக்கை எவ்வளவு குறிப்பாக இருக்கிறது, அதே தகவல் வேறெங்கும் கிடைக்குமா என்ற இரண்டுக்குத்தான் அதிக எடை.

சட்டத்தை ஒதுக்கிவிட்டு இந்த ஐந்து அடுக்கை மட்டும் எடுத்துக்கொண்டாலும் பயனுண்டு. உங்கள் நிறுவனத்தின் ஒவ்வொரு வகைத் தகவலும் இன்று எந்த அடுக்கில் இருக்கிறது என்று எழுதிப் பார்த்தால் அதுவே ஒரு விலைப்பட்டியல். ஒப்பந்தங்கள் நான்காவது அடுக்கிலும் விளம்பர வரைவுகள் முதல் அடுக்கிலும் இருப்பது தெரியவரும்போது எதை மாற்ற வேண்டும் என்பதற்கு ஆலோசகர் தேவைப்படாது.

அழிக்காதே என்ற ஆணை எங்கே நின்றது

செலவைக் காட்டிலும் வங்கியைக் கவிழ்த்தது வேறொன்று. டேப்புகளை மீட்கத் தொடங்கியபோது சில மாத டேப்புகளைக் காணவில்லை. அவற்றில் சில மாதங்களுக்கு வார டேப்புகள் ஓரளவு கைகொடுத்தன. போதாக்குறைக்கு, அழிக்கக் கூடாது என்ற அறிவுரைக்குப் பிறகு எழுதப்பட்ட சில அஞ்சல்கள் ஊழியர்களின் பெட்டியில் இல்லாமல் டேப்பில் மட்டும் இருந்தன. யாரோ அழித்திருக்கிறார்கள்.

வங்கி சும்மா இருக்கவில்லை. 2001 ஆகஸ்டிலேயே வழக்கறிஞர்கள், தொடர்புடைய எதையும் அழிக்காதீர்கள் என்று ஊழியர்களிடம் சொன்னார்கள். வழக்கு தொடரப்பட்ட 2002 பிப்ரவரியில் மறுபடி சொன்னார்கள். ஆனால் டேப்புகளைச் சுழற்றும் தொழில்நுட்பப் பிரிவுக்கு, மறுசுழற்சியை நிறுத்து என்று சொல்லப்பட்டது 2002 ஆகஸ்டில்தான், ஜுபுலேக் தரப்பு டேப்புகளை வெளிப்படையாகக் கேட்ட பிறகு. இடைப்பட்ட ஓராண்டில் நாள் டேப்புகள் பலமுறை மேலெழுதப்பட்டிருக்கும். வார டேப்புகளும் ஒரு முழுச் சுற்று முடித்திருக்கும். யாரும் சதி செய்ய வேண்டியதில்லை. இயந்திரம் தனக்கு இட்ட வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அதற்கும் முந்தைய கேள்வி, பாதுகாக்கும் கடமை எப்போது பிறந்தது என்பது. ஆகஸ்ட் புகார் வந்த நாளில் என்று தோன்றலாம். நீதிபதி 2001 ஏப்ரலுக்குப் போனார். அந்த மாதத்திலிருந்தே சில மேலாளர்கள் தங்கள் அஞ்சல்களில் வழக்கறிஞர்-கட்சிக்காரர் ரகசியம் என்று தலைப்பிட்டு எழுதத் தொடங்கியிருந்தார்கள், அந்த அஞ்சல்கள் எதுவும் வழக்கறிஞருக்கு எழுதப்படவில்லை என்றாலும். வழக்கு வரும் என்று ஜுபுலேக்கைச் சுற்றியிருந்த கிட்டத்தட்ட எல்லோருக்கும் தெரிந்திருந்ததற்கு அதுவே சாட்சி. நிர்வாகத்துக்கு இதில் கிடைக்கும் செய்தி எளியது: அழிப்பதை நிறுத்தி வைக்கும் நாளை முடிவு செய்வது நீதிமன்ற அறிவிப்பல்ல; சம்பந்தப்பட்டவர்களுக்கு விஷயம் தெரிந்த நாள்.

எல்லா டேப்பையும் எல்லா அஞ்சலையும் வைத்திருக்க வேண்டும் என்று நீதிபதி சொல்லவில்லை. பேரிடர் மீட்புக்கென்று மட்டும் இருக்கும் டேப்புகளை வழக்கம்போலச் சுழற்றலாம். ஆனால் முக்கியமான நபர்களின் அஞ்சல் எந்த டேப்பில் இருக்கிறது என்று நிறுவனத்துக்குத் தெரியுமானால், அதே தகவல் வேறெங்கும் கிடைக்காதானால், அந்த டேப்புகளை எடுத்து வைக்க வேண்டும். இந்த இடத்தில் நுணுக்கமான ஒரு கத்தி இருக்கிறது. பேக்கப்பை வெறும் பேக்கப்பாக மட்டும் பயன்படுத்தும் நிறுவனம் இந்த விலக்கைக் கோரலாம். போன வருடத்து அஞ்சலைக் காணோம், டேப்பிலிருந்து எடுத்துக் கொடுங்கள் என்று மேலாளர்களுக்கு அவ்வப்போது எடுத்துக் கொடுத்துப் பழகிய நிறுவனம், டேப்பைக் காப்பகமாக்கிவிட்டது. பிறகு அது வெறும் பேக்கப் என்று வாதிட அதற்கு வாயில்லை.

பேக்கப்புக்கும் காப்பகத்துக்குமான குழப்பம் வழக்கறிஞர்கள் வரை போனது. ஆசியாவிலிருந்த மனிதவள அதிகாரி ஒருவர், வழக்கு தொடர்பான அஞ்சல்களைத் தன் கணினியில் தனிக் கோப்பில் சேர்த்துவைத்திருந்தார். அதை ஆர்க்கைவ் என்று அவர் சொன்னதை, பேக்கப் டேப்பில் இருக்கிறது என்று வழக்கறிஞர் புரிந்துகொண்டார். விரல் நுனியில் இருந்த கோப்பு 2004 வரை வெளியே வரவில்லை. சம்பந்தப்பட்டவரின் மேசைக்குப் போய், அல்லது திரையைப் பகிரச் சொல்லி, எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று காட்டச் சொன்னால் பத்து நிமிட வேலை. தகவல் எங்கே இருக்கிறது என்பதை வாய்மொழியாகக் கேட்டு எழுதும் எந்தக் கணக்கெடுப்பும் இப்படித்தான் முடியும்.

2003 அக்டோபரில் நீதிபதி, சாட்சிகளை மறுபடி விசாரிக்கும் செலவை மட்டும் வங்கியின் மேல் போட்டார். 2004 ஜூலை 20 ஆணை கடுமையானது. ஊழியர்கள் வேண்டுமென்றே அஞ்சல்களை அழித்திருக்கிறார்கள் என்று முடிவு செய்து, அழிந்த அஞ்சல்கள் வங்கிக்குப் பாதகமானவை என்று ஜூரி கருதிக்கொள்ளலாம் என அனுமதித்தார். 2005 ஏப்ரலில் ஜூரி ஏறக்குறைய 2 கோடியே 93 லட்சம் டாலர் வழங்கியது: இழப்பீடாக 91 லட்சம், தண்டனைத் தொகையாக 2 கோடியே 2 லட்சம். தொலைந்த அஞ்சல்களால் மட்டுமே இந்தத் தொகை வந்தது என்று சொல்ல முடியாது. மீட்கப்பட்ட அஞ்சல்களின் உள்ளடக்கமும் பேசியிருக்கும். என்றாலும், மீட்கும் செலவு தாங்காது என்ற வாதத்தில் தொடங்கிய தரப்புக்கு அந்த மீட்புச் செலவு மிக மலிவானதாக இருந்திருக்கும்.

ஒரு குறிப்பு. 2006 டிசம்பரில் அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளில் மின்னணுத் தகவலுக்கென்று தனிப் பிரிவுகள் சேர்ந்தன. 2015 டிசம்பர் திருத்தத்துக்குப் பின், தகவல் கிடைக்கவிடாமல் செய்யும் நோக்கம் நிரூபணமானால் மட்டுமே இத்தகைய பாதக அனுமானத்துக்கு இடமுண்டு. வெறும் கவனக்குறைவுக்கு இன்று அதே தண்டனை கிடைக்காது. ஆனால் நோக்கம் இல்லை என்று காட்ட, எது எப்போது எந்த விதிப்படி அழிக்கப்பட்டது என்ற பதிவு கையில் இருக்க வேண்டும். அது இல்லாதவர்களுக்குத் திருத்தம் பெரிதாக உதவாது.

எதைச் செய்திருக்க வேண்டும்

தகவல் பட்டியலில் தொடங்க வேண்டும். கோப்பு வாரியாக அல்ல, வகை வாரியாக: ஒப்பந்தங்கள், சம்பளப் பதிவுகள், வாடிக்கையாளர் அஞ்சல், உள் அஞ்சல், அரட்டைச் செய்திகள், வடிவமைப்புக் கோப்புகள். ஒவ்வொரு வரியிலும் இவை வேண்டும்: எந்தப் பிரிவின் தலைவர் பொறுப்பு, மூலப்பிரதி எந்த அமைப்பில், பிரதிகள் வேறெங்கே, எவ்வளவு காலம் வைக்க வேண்டும், எந்தச் சட்டமோ தேவையோ அதைக் கோருகிறது, காலம் எந்த நாளிலிருந்து கணக்கு, முடிந்தபின் அழிப்பது யார். பெரும்பாலான பட்டியல்கள் இரண்டு இடத்தில் உடைகின்றன. பொறுப்பாளர் என்ற கட்டத்தில் ஐ.டி. பிரிவு என்று எழுதிவிடுவார்கள். ஐ.டி. பிரிவு சேமிக்கிறது, ஒரு சம்பளப் பதிவு இன்னும் தேவையா என்று அதற்குத் தெரியாது. இரண்டாவது, ஏழாண்டு என்று எழுதுவார்கள், எதிலிருந்து ஏழாண்டு என்று எழுத மாட்டார்கள். ஒப்பந்தம் கையெழுத்தான நாளா, முடிவடைந்த நாளா? பத்தாண்டு ஒப்பந்தத்தில் இந்த வேறுபாடு, நடப்பில் இருக்கும் ஒப்பந்தத்தை அழிப்பதில் முடியும்.

பேக்கப்பின் ஆயுளைச் சுருக்க வேண்டும். சர்வர் பழுதானால் நேற்றைய நகல் வேண்டும். தரவு மெல்லச் சிதைந்ததைத் தாமதமாகக் கண்டுபிடித்தால் சில வாரம் முந்தைய நகல் வேண்டும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பணயத் தாக்குதலுக்காக, வலையோடு இணைக்காத ஒரு நகல் வேண்டும். மூன்றாண்டு பழைய சர்வர் நகலை வைத்து எந்த நிறுவனமும் வேலையைத் தொடர முடியாது. நீண்டகாலம் தேவைப்படுவதைக் காப்பகத்துக்கு மாற்றிவிட்டு, பேக்கப்பை 30 முதல் 90 நாளில் முடிப்பது பல நிறுவனங்களுக்குப் போதும். நீண்டகால டேப்புகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: அவற்றைப் படிக்கும் கருவி. எல்.டி.ஓ. என்ற டேப் வகையில் ஏழாம் தலைமுறை வரை ஒரு கருவி தனக்கு முந்தைய இரண்டு தலைமுறை டேப்புகளைப் படித்தது. எட்டாம் தலைமுறைக் கருவி ஒரே ஒரு முந்தைய தலைமுறையை மட்டும் படிக்கும். கருவியை மாற்றும்போது பழைய டேப்புகளைப் பெயர்த்தெழுதத் திட்டமில்லையென்றால் கையில் இருப்பது வெறும் பிளாஸ்டிக். டேப் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் அதன் சாவியும், எந்த டேப்பில் எது என்று சொல்லும் பேக்கப் மென்பொருளின் அட்டவணையும் கூடவே வேண்டும். டேப் பத்திரமாக இருந்து அட்டவணை தொலைந்த நிலை, டேப் தொலைந்ததைவிடச் சற்றுத்தான் மேல்.

காப்பகத்தில் அஞ்சல் சேரும் இடத்தை மாற்ற வேண்டும். ஊழியர் கைபடும் முன்பே, சர்வரில் வந்து சேரும்போதே ஒரு பிரதி காப்பகத்துக்குப் போகும்படி அமைத்தால், அன்று மாலையே அழிக்கும் வழி அடைபடும். உள் அஞ்சலும் இதில் சேர வேண்டும். ஒரே அஞ்சல் பத்துப் பேருக்குப் போனால் ஒரு பிரதி மட்டும் வைத்து, யார் யாருக்குப் போனது என்பதைக் குறித்துக்கொள்ளும் வசதி வேண்டும். ஐந்து டேப் மாதிரியில் 1,541 அஞ்சல் 1,075 ஆகக் குறைந்ததை நினைவில் கொள்க: அகப்பட்டவற்றில் 30 சதவீதம் ஏற்கெனவே படித்ததன் மறுபிரதி. மணிக்கணக்கில் கட்டணம் வாங்குபவர் அதைப் படித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மேகச் சேவைகளுக்கு மாறிவிட்டோம், டேப் பிரச்சினை இல்லை என்பவர்கள் இயல்பு அமைப்புகளை ஒருமுறை பார்க்க வேண்டும். மைக்ரோசாப்டின் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில், ஊழியர் குப்பைத் தொட்டியையும் காலி செய்தபின் அஞ்சல் மீட்கக்கூடிய பகுதியில் இருப்பது இயல்பாக 14 நாள். கூட்டினாலும் 30 நாள்தான். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை நீக்கினால் அவரது பெட்டி 30 நாளில் போய்விடும், அழிப்பதை நிறுத்தச் சொல்லும் நிறுத்திவைப்பு ஆணையோ வைப்புக்கால விதியோ அதன்மேல் இல்லையென்றால். ஜுபுலேக் வழக்கின் நாள் டேப்புக்கும் ஏறக்குறைய அதே ஆயுள்தான். உரிமச் செலவை மிச்சப்படுத்த, போனவர்களின் கணக்கை மாதக் கடைசியில் கொத்தாக நீக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. வழக்கு போடுபவர் பெரும்பாலும் போனவர்தான் என்பதை மனிதவளத் துறை ஐ.டி. பிரிவுக்கு எழுத்தில் சொல்லி வைப்பது நல்லது.

நிறுத்திவைப்பு ஆணைதான் இந்த வழக்கின் அச்சாணி. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தொடர்புடைய எதையும் அழிக்காதீர்கள் என்ற பொதுவான அஞ்சல் பயன்படாது. எது தொடர்புடையது என்று தீர்மானிக்கும் வேலையை, பாதிக்கப்படக்கூடியவரிடமே விட்டுவிடுகிறது அது. செயல்படும் ஆணையில் விவகாரத்தின் பெயர், தொடங்கும் தேதி, சம்பந்தப்பட்ட நபர்களின் பெயர்ப்பட்டியல், எந்தெந்த அமைப்புகள், அவற்றில் எந்தத் தானியங்கி வேலைகளை நிறுத்த வேண்டும் என்பவை இருக்கும். கடைசியாகச் சொன்னதற்கு எதிரே ஐ.டி. பிரிவில் ஒருவர், இன்ன வேலை இன்ன நேரத்தில் நிறுத்தப்பட்டது என்று திரைப்பதிவோடு கையெழுத்திட வேண்டும். ஊழியர்கள் படித்தோம் என்று ஒப்புக்கொண்ட பதிவு வேண்டும். மூன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அனுப்ப வேண்டும்; இடையில் புதிதாகச் சேர்ந்தவர்கள், விலகியவர்கள், கணினி மாற்றியவர்கள் என்று பட்டியல் மாறியிருக்கும். நீதிபதி வழக்கறிஞர்களிடம் எதிர்பார்த்ததும் ஏறக்குறைய இதே: தொடக்கத்தில் ஆணை, அவ்வப்போது நினைவூட்டல், முக்கிய நபர்களிடம் நேரடிப் பேச்சு, தொழில்நுட்பப் பிரிவிடமிருந்து சேமிப்பு அமைப்பின் முழு விவரம், பேக்கப்புகளைப் பிரித்துப் பத்திரப்படுத்துதல்.

ஆணையை விலக்குவதற்கும் ஒரு படிவம் வேண்டும். விவகாரம் முடிந்து பல ஆண்டுகள் ஆகியும் யாரும் விலக்காததால் நிற்கும் ஆணைகளே பல நிறுவனங்களில் சேமிப்பை நிரப்புகின்றன. எந்த விவகாரத்துக்காக இந்தப் பெட்டி நிறுத்தப்பட்டது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. பயந்துகொண்டு யாரும் தொடவும் மாட்டார்கள்.

தகவலை எடுக்கும்போது அதன் மெட்டாடேட்டா, அதாவது தேதி, அனுப்பியவர், பெற்றவர் போன்ற விவரம், கெடாமல் எடுப்பது தனி வேலை. கோப்பை ஓர் இயக்ககத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துப் போட்டால் உருவான தேதி மாறலாம். அஞ்சலை முன்னனுப்பினால் மூலத் தலைப்பு விவரம் போய்விடும். பி.டி.எஃப். ஆக அச்சிட்டால் இணைப்புகளும் மறைநகல் பெற்றவர் விவரமும் காணாமல் போகும். அஞ்சலை மூல வடிவிலேயே ஏற்றுமதி செய்து, எடுத்தவுடன் ஹாஷ் மதிப்பை (கோப்பில் சிறிது மாறினாலும் மாறிவிடும் எண்) கணக்கிட்டு எழுதிவைப்பதே சரி.

எல்லாவற்றையும் வைத்திருந்தால் என்ன என்ற கேள்வி இந்த வழக்கைப் படித்தவுடன் எழும். சேமிப்பின் விலை 2003-ஐவிடப் பலமடங்கு இறங்கிவிட்டது, உண்மை. படிப்பவரின் மணிக்கட்டணம் இறங்கவில்லை. 72 டேப்புகளின் மதிப்பீட்டிலேயே ஏறக்குறைய 40 சதவீதம் படிக்கும் செலவு. இன்று மீட்கும் செலவு சுருங்கிவிட்டதால் மொத்தத்தில் படிக்கும் பங்கு இன்னும் பெரிது. வைத்திருக்கக் காரணமில்லாத தனிநபர் தகவல் கசிந்தால் அது வேறு வழக்கு. காலம் முடிந்ததை, நிறுத்திவைப்பு இல்லையென்று சரிபார்த்து, பொறுப்பாளர் ஒப்புதலோடு, பதிவு எழுதி அழிப்பது நிறுவனத்தின் உரிமை. வருடத்துக்கு ஒருமுறை, குறித்த மாதத்தில் அழித்தால் அது வழக்கம். வழக்கு வாசனை வந்தவுடன் அழித்தால் அதற்குப் பெயர் வேறு.

அரட்டைச் செயலிகள் இந்த வழக்கின் காலத்தில் பெரிய விஷயமாக இல்லை. இன்று உள் அஞ்சல் இருந்த இடத்தில் அவை இருக்கின்றன. 2022 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 16 வால் ஸ்ட்ரீட் நிறுவனங்களுக்கு மொத்தம் 110 கோடி டாலருக்கு மேல் அபராதம் விதித்தது. ஊழியர்கள் சொந்தக் கைபேசிச் செயலிகளில் வேலை பேசினார்கள், அது எந்தக் காப்பகத்திலும் இல்லை என்பதுதான் குற்றம். தடை விதித்துச் சுற்றறிக்கை அனுப்புவதால் இது தீராது. வாடிக்கையாளர் அந்தச் செயலியில்தான் பேசுவார் என்றால், பதிவு செய்யக்கூடிய வணிகப் பதிப்பை வாங்கிக் கொடுப்பதைத் தவிர வழியில்லை.

ஏற்பாடுகள் வேலை செய்கின்றனவா என்று அறிய ஒரு சோதனை போதும். முன்னறிவிப்பின்றி ஒரு பெயர், இரண்டாண்டு பழைய ஒரு மாதம், ஒரு பொருள் மூன்றையும் ஐ.டி. பிரிவிடமும் ஆவணப் பிரிவிடமும் கொடுத்து, அந்த நபர் அந்த மாதம் அந்தப் பொருள் பற்றி எழுதிய, பெற்ற எல்லாவற்றையும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். வேலையை விட்டுப் போன ஒருவரின் பெயராக இருந்தால் நல்லது. முதல் கோப்பு வர எத்தனை மணி, முடிக்க எத்தனை நாள், எத்தனை பேரைக் கேட்க வேண்டியிருந்தது, எந்த அமைப்பு பட்டியலிலேயே இல்லாமல் வழியில் எதிர்ப்பட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி விவரத்தை அன்றே பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்து, பொறுப்பாளர் பெயரை எழுதிவிட வேண்டும்.